பிரனேசியின் இடிபாடுகள், இல்லாத சிறைகள், அவற்றிலிருந்து வந்த கதைகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' என்ற நாவலை எடுத்துப் பேசப்போய் அதன் தலைப்பில் இருந்த பெயரில் மாட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: யார் இந்த பிரனேசி, அந்தப் படிக்கட்டுப் படங்கள் நிஜமா, அபின் கதை உண்மையா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். நான் ஓவியம் படித்தவன் இல்லை, கதை வாசிக்கிறவன். அதனால் பதில்கள் கொஞ்சம் கதைப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பிரனேசி யார்? ஓவியரா, கட்டடக் கலைஞரா?

தன்னைக் கட்டடக் கலைஞர் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார். படங்களில் 'வெனிஸ் கட்டடக் கலைஞர்' என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜோவான்னி பத்தீஸ்தா பிரனேசி 1720-ல் வெனிஸ் பக்கத்தில் பிறந்தார். அப்பா கல் வேலைக்காரர், தாய்மாமன் வெனிஸின் நீர்நிலைகளைக் கவனித்த அரசுத் துறையில் பொறியாளர். 1740-ல், 20 வயதில், வெனிஸ் தூதரின் பரிவாரத்தில் வரைவாளராக ரோமுக்குப் போனவர், நடுவில் கொஞ்ச காலம் தவிர 1778-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார்.

வாழ்நாளில் கட்டி முடித்தது ஒரே ஒரு வேலை. ரோமின் அவெந்தீனோ குன்றில், மால்டா வீரர் அமைப்பு என்ற கத்தோலிக்க சபையினருக்காக 1764-லிருந்து 1766-க்குள் ஒரு பழைய தேவாலயத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார், அவரைப் புதைத்திருப்பதும் அங்கேதான். மற்றபடி கையில் வேலை இல்லாத கட்டடக் கலைஞர். கட்ட முடியாததையெல்லாம் எச்சிங் என்ற அச்சு முறையில் செப்புத் தகட்டில் கட்டினார், கிட்டத்தட்ட 1000 தகடுகள்.

எச்சிங் என்றால் பேனா ஓவியம் மாதிரியா? ஒவ்வொன்றும் கையால் வரைந்ததா?

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அச்சு. செப்புத் தகட்டைச் சூடாக்கி மேலே மெழுகுக் கலவையை மெல்லிசாகப் பூசி, மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார்கள். ஊசியால் கீறினால் மெழுகு மட்டும் விலகும், கறுப்பில் செம்பு கோடாக மின்னும். தகட்டை அமிலத்தில் போட்டால் மெழுகு இருக்கும் இடம் தப்பிக்கும், கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம். மெல்லிய கோடாகவே நிற்கவேண்டிய இடத்தில் வார்னிஷ் தடவி அடைத்துவிட்டு மிச்சத்தை மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். பிரனேசி இதைத் திரும்பத் திரும்பச் செய்தார், தூரத்து வளைவு புகை மாதிரியும் பக்கத்துத் தூண் கரி மாதிரியும் தெரிவதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் மெழுகைக் கழுவிவிட்டு, பள்ளத்துக்குள் மையை அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் நசுக்கினால் படம், இடம் வலமாக மாறி வரும். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கில் அடிக்கலாம். முக்கியமான விஷயம், தகட்டை வைத்துக்கொண்டு பத்து வருஷம் கழித்துக்கூட மேலும் கீறலாம். இதை நினைவில் வையுங்கள், சிறைப் படங்களின் கதையே இதில்தான் இருக்கிறது.

அவர் வரைந்தது எல்லாம் கற்பனையா? ரோமில் அந்த இடிபாடுகள் இல்லையா?

மூன்று வகையைக் கலந்து குழப்பிக்கொள்வதால் வரும் கேள்வி இது. ரோம் நகரக் காட்சிகள் என்று சுமார் 135 தகடுகள் இருக்கின்றன, 1740-களின் கடைசியில் தொடங்கிச் சாகும்வரை சேர்த்துக்கொண்டே போனது. கொலோசியம், பாந்தியன், புல் முளைத்த பழைய ரோம் மன்றம் (ஃபோரம்) எல்லாம் நிஜ இடங்கள். பணக்கார வெளிநாட்டுப் பயணிகள் ஊருக்கு எடுத்துப்போக வாங்கினார்கள், ஒரு படம் இரண்டரை பாவோலோ (அப்போதைய ரோம் நாணயம்) என்று விலையையும் கடை முகவரியையும் படத்திலேயே அச்சடித்து விற்றார். இரண்டாவது வகை, 1756-ல் நாலு தொகுதியாக வந்த ரோமின் தொல்பொருள்கள். அதில் அளவு, வெட்டுமுகம், எந்தக் கல் எந்தக் கல்லோடு எப்படிப் பிணைந்தது என்பதுவரை இருக்கும். மூன்றாவதுதான் முழுக் கற்பனை, 'சிறைகள்' என்ற படத் தொகுப்பு அதில் சேரும்.

ஆனால் நிஜத்திலும் ஒரு கைவேலை உண்டு. மனிதர்களை எறும்பாக்கிவிடுவார். அந்த எறும்புகளும் சும்மா நிற்காது, நொண்டும், கையை நீட்டி எதையோ காட்டும், பிச்சை கேட்கும். அவர்களைப் பார்த்துவிட்டுத் தூணைப் பார்த்தால் தூண் வானம் வரை போகும். 1780-களில் ரோமுக்குப் போன ஜெர்மன் கவிஞர் கோதே, பிரனேசி படத்தில் பார்த்துக் கற்பனையில் நிரப்பிவைத்திருந்த பழைய குளியல் மாளிகையை நேரில் பார்த்தபோது அது அந்த அளவுக்கு இல்லையே என்று எழுதியிருக்கிறார். கல்யாண ஆல்பத்தில் பார்த்த மண்டபத்தைப் பகலில் போய்ப் பார்ப்பது மாதிரி.

சிறைப் படங்கள் 14 என்று ஒருவர் சொல்கிறார், 16 என்று இன்னொருவர். எது சரி?

இரண்டும் சரி. 1750-ஐ ஒட்டி முதல் பதிப்பு வந்தபோது 14 தகடுகள். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. முகப்பில் பதிப்பாளர் பெயரையே தப்பாகச் செதுக்கியிருந்தார், புஷார் என்பது புஸார் ஆகிவிட்டது. 1761-ல் தானே மறுபதிப்பு போட்டபோது 2 தகடு சேர்த்து 16 ஆக்கினார்.

எண்ணிக்கையை விடுங்கள், பழைய 14 தகடுகளை அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். முதல் பதிப்பு வேகமாகக் கிறுக்கியது போல இருக்கும், நடுவில் வெளிச்சமும் காற்றும் இருக்கும், பாதி இடம் வெறும் தாள்தான். 1761-ல் அதே தகடுகளை எடுத்து மேலே மேலே கீறி இருட்டாக்கினார். காலியாக இருந்த இடத்தில் ஒரு பாலம், பாலத்துக்குப் பின்னால் இன்னொரு படிக்கட்டு, உத்தரம், கப்பி, சங்கிலி, முள் வைத்த சக்கரம். இடம் பெருகிக்கொண்டே போகிறது, வெளியே போகும் வழி மட்டும் எங்கும் வரவில்லை. புத்தகங்களிலும் திரைகளிலும் நாம் பெரும்பாலும் பார்ப்பது இந்த இரண்டாம் பதிப்பைத்தான்.

அது எந்த ஊர்ச் சிறை? போய்ப் பார்க்கலாமா?

எந்த ஊரிலும் இல்லை. இத்தாலிய நாடக மேடைகளில் 'சிறைக் காட்சி' என்பது அப்போது வழக்கமான ஒன்று. மேடையின் நடுவிலிருந்து நேராகப் பார்க்காமல் மூலையிலிருந்து குறுக்கே பார்ப்பது போல வரைந்தால் சின்ன மேடைக்குப் பின்னால் ஒரு நகரமே இருப்பதாகத் தோன்றும். பிபியேனா குடும்பத்து மேடை அமைப்பாளர்கள் அதில் கை தேர்ந்தவர்கள். பிரனேசி அந்த உத்தியை எடுத்துக்கொண்டு மேடையைத் தூக்கி எறிந்துவிட்டார்.

ரோமோடு ஒரு தொடர்பு மட்டும் உண்டு. 16-வது தகட்டில் ஒரு தூணில் லத்தீன் வாசகம் தெரியும், லிவி எழுதிய வரலாற்றிலிருந்து எடுத்தது. ஊருக்குள் துணிச்சல் வளர்ந்துபோனதால் ஜனங்களை மிரட்ட ஆன்குஸ் மார்த்தியுஸ் என்ற பழைய அரசன் நடு நகரில் சிறை கட்டினான் என்கிற இடம் அது. அந்தச் சிறை என்று காட்டப்படும் இடத்தை இன்றும் ரோமில் பார்க்கலாம், சின்ன நிலவறை. படத்தில் இருப்பதோ ஒரு கோயில் கோபுரத்தையே உள்ளே நிறுத்திவைக்கும் அளவு. கைதி எங்கே என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். பல தகடுகளில் யார் கைதி, யார் காவலாள், யார் சுற்றிப் பார்க்க வந்தவர் என்றே பிரிக்க முடியாது.

காய்ச்சலில் பிதற்றிக்கொண்டே வரைந்தாராமே? அபின் சாப்பிட்டார் என்றும் படித்தேன்.

இது நான் அதிகம் கேட்ட கேள்வி. பதில்: அபின் சாப்பிட்டவர் பிரனேசி இல்லை, அவரைப் பற்றி எழுதியவர். 1821-ல் வந்த 'ஓர் ஆங்கில அபின்காரரின் ஒப்புதல்கள்' என்ற தன்வரலாற்றில் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி ஒரு சம்பவம் சொல்கிறார். அவர் பிரனேசியின் ரோம் தொல்பொருள் படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் நின்ற கவிஞர் கோல்ரிட்ஜ் இன்னொரு தொகுப்பைப் பற்றிச் சொல்கிறார். 'கனவுகள்' என்று பெயராம், காய்ச்சல் வேகத்தில் பிரனேசி கண்ட காட்சிகளாம். பெரிய கூடங்கள், இயந்திரங்கள், சுவரோரமாக ஒரு படிக்கட்டு. அதில் தட்டுத்தடுமாறி ஏறுவது பிரனேசியேதான். படிக்கட்டு திடீரென்று முடிந்து கீழே பாதாளம். சரி, ஆள் அவ்வளவுதான் என்று நினைத்து நிமிர்ந்தால் இன்னும் உயரத்தில் இன்னொரு படிக்கட்டு, அதன் விளிம்பில் மறுபடியும் அவரே. அதற்கும் மேலே இன்னொன்று. தன் அபின் கனவுகளில் கட்டடங்கள் இப்படித்தான் முளைத்துக்கொண்டே போயின என்று முடிக்கிறார்.

இதில் எத்தனை தப்பு என்று பாருங்கள். தொகுப்பின் பெயர் 'கனவுகள்' இல்லை. எந்தத் தகட்டிலும் பிரனேசி ஏறிக்கொண்டிருக்கவில்லை. டி குவின்சி அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை, அதை அவரே சொல்லிவிடுகிறார். காய்ச்சல் விஷயம் அதற்கப்புறம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. அமிலத்தில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்துச் செய்யவேண்டிய வேலையை (எச்சிங் பற்றிய பதிலைப் பாருங்கள்) பிதற்றிக்கொண்டே செய்ய முடியாது.

அப்படியென்றால் டி குவின்சி அடித்துவிட்டாரா? அதை ஏன் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்?

அடித்துவிடவில்லை, காதால் கேட்டதை எழுதினார். ஒருவர் நினைவிலிருந்து சொல்ல, இன்னொருவர் வருஷங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதியது. என் கட்சி என்னவென்றால், கதை உலகத்தில் அதிகம் வேலை செய்த பிரனேசி படம் இதுதான், அதாவது பிரனேசி வரையாத படம். படத்தில் இருப்பது இடம் மட்டும். டி குவின்சி அதற்குள் ஒரு ஆளை விட்டு, ஏறவைத்து, 'அடுத்து என்ன' என்ற கேள்வியைப் போட்டார். அந்த நிமிஷம் அது கதையாகிவிட்டது.

1828-ல் இளைஞரான கவிஞர் முஸ்ஸே இந்தப் புத்தகத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பிரெஞ்சில் போட்டார். பிரெஞ்சு எழுத்தாளர்களில் பலருக்கு பிரனேசி என்றாலே முடிவில்லாத படிக்கட்டு என்று ஆனது இந்த வழியாகத்தான்.

முதல் பேய்க்கோட்டை நாவலே இவர் படத்தைப் பார்த்துத்தான் வந்ததா?

ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் 1764 கடைசியில் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலைச் சொல்கிறீர்கள். கனவில் ஒரு பழைய கோட்டை, பெரிய படிக்கட்டின் உச்சிக் கைப்பிடியில் இரும்புக் கவசம் போட்ட ராட்சசக் கை, எழுந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று அடுத்த வருஷம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். படிக்கட்டு என்ற ஒன்றை வைத்து இதைப் பிரனேசியோடு முடிச்சுப் போடுகிறார்கள். அந்தக் கடிதத்தில் பிரனேசி பெயர் இல்லை.

ஆனால் பின்னாளில் வால்போல் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது உண்மை. பாலத்தின் மேல் அரண்மனை, அரண்மனை மேல் கோயில் என்று அடுக்குகிறார், வடிவியலே திகைத்துப்போகும், கட்டி முடிப்பதற்குள் இந்தியத் தீவுகளின் செல்வமெல்லாம் தீர்ந்துவிடும் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். யார் வீட்டுச் சொத்தைக் கணக்குப் போடுகிறார் பாருங்கள். ஆக, ரசிகர் என்பது நிச்சயம், நாவலுக்கு மூலம் என்பது யூகம்.

சரி, 'இவரைப் பார்த்துத்தான்' என்று வெளிப்படையாகச் சொன்ன எழுத்தாளர் யாராவது உண்டா?

ஆங்கில எழுத்தாளர் வில்லியம் பெக்ஃபோர்ட். 1780-ல் 19 வயதுப் பணக்காரப் பையனாக வெனிஸ் போனார். சிறைக்குப் போகும் பாலத்துக்கு அடியில் படகில் கடந்தபோது மனசு கலங்கி, பென்சிலை எடுத்துப் பாதாளங்களும் சங்கிலிகளும் சித்திரவதைச் சக்கரங்களுமாக 'பிரனேசி பாணியில்' வரைந்துதள்ளியதாகத் தன் பயணப் புத்தகத்தில் எழுதுகிறார். கொஞ்ச காலத்தில் வாதெக் நாவலை எழுதினார், 1786-ல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் கடைசியில் வரும் பாதாள மண்டபத்தில் எல்லை தெரியாத கூடத்துக்குள் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் நடக்கிறார்கள், நெஞ்சுக்குள் நெருப்பு. படத்திலிருந்து நாவலுக்கு ஒரு நேர்கோடு வேண்டும் என்றால் இங்கேதான் போடலாம்.

பெக்ஃபோர்ட் அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஃபோன்ட்ஹில் என்ற இடத்தில் 80 மீட்டருக்கு மேல் உயரமான கோபுரத்தோடு தனக்கு ஒரு மடாலயம் மாதிரி வீடு கட்டினார். விற்றுவிட்டுப் போன சில வருஷத்தில், 1825-ல், கோபுரம் அப்படியே சரிந்துவிட்டது. கற்பனைக் கட்டடத்தை நிஜத்தில் கட்டினால் இடிபாடு இலவசமாகக் கிடைக்கிறது.

பிரெஞ்சு, ரஷ்ய இலக்கியத்தில் இவர் எப்படி வருகிறார்?

பிரெஞ்சுக் கவிஞர் விக்டர் ஹ்யூகோ 1840-ல் இந்தியக் கிணறுகளையும் குடைவரைகளையும் பற்றி ஒரு கவிதை எழுதி, நடுவில் பிரனேசி கனவுகண்ட பயங்கரமான பாபேல் கோபுரங்களை (வானத்தை எட்டக் கட்டியதாக பைபிளில் வரும் கோபுரம்) கொண்டுவருகிறார். நம் படிக்கிணறும் அவருடைய சிறையும் ஒரே தலையில் ஒன்றாகியிருக்கின்றன. இன்னொரு கவிதையில் 'பிரனேசியின் கரிய மூளை' என்று ஒரு தொடர் வரும், 20-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் மார்கரித் யூர்செனார் அதையே தலைப்பாக்கி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சிறைகளைப் பற்றி ஒரே ஒரு எழுத்து படிக்கத்தான் நேரம் என்றால் அதைப் படியுங்கள், காய்ச்சல் கதையைத் தாண்டிப் படத்தையே உற்றுப் பார்க்கிற கட்டுரை.

எனக்குப் பிடித்தது ரஷ்யக் கதைதான், 1830-களின் தொடக்கத்தில் ஒதோயெவ்ஸ்கி எழுதியது. நேப்பிள்ஸ் புத்தகக் கடையில் ஒரு கிழவர், நான்தான் பிரனேசி என்கிறார். அவர் வரைந்து கட்டப்படாமல் போன கட்டடங்கள் ஆவிகளாகத் துரத்துகின்றன, எங்களுக்கு உயிர் கொடு என்று சாகவிடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. எட்னா எரிமலைக்கும் வெசூவியஸுக்கும் நடுவே ஒரு வளைவு கட்டப் பணம் கேட்டு அலைகிறார். சிரிப்பாகவும் இருக்கும், வயிற்றைப் பிசையவும் செய்யும். ஒரே ஒரு தேவாலயம் கட்டிய மனிதர் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதோடு சேர்த்துப் படியுங்கள்.

2020-ல் அவர் பெயரிலேயே வந்த நாவலைப் படிக்க, படங்களை முதலில் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். சுசன்னா கிளார்க்கின் பிரனேசி நாவலில் ஓவியர் பாத்திரமாக வருவதில்லை. எண்ணிக்கையில்லாத கூடங்கள் கொண்ட ஒரு மாளிகை, எங்கு பார்த்தாலும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் அலை, மேல்தளத்தில் மேகம். அதில் வாழும் மனிதனை இன்னொருவர் 'பிரனேசி' என்று கூப்பிடுகிறார், அது தன் பெயர் இல்லை என்று அவனுக்கே தோன்றுகிறது. இதற்கு மேல் சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

படித்து முடித்தபின் படங்களைப் பாருங்கள். டி குவின்சி வழியில் வந்தவர்களுக்கெல்லாம் இந்த இடம் கெட்ட கனவு. கிளார்க்கின் ஆளுக்கோ அது வீடு, அலை நேரத்தைக் குறித்துவைக்கிறான், மீன் பிடிக்கிறான், சிலைகளோடு பேசுகிறான். அதே கூடம், ஆள் மாறினதும் பயம் போய்விடுகிறது. இருநூறு வருஷமாக ஒரே பக்கம் தேய்ந்த தகட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. 2021-ல் பெண்கள் புனைவு விருதும் அதற்குக் கிடைத்தது.

காஃப்கா, போர்ஹெஸ், எஷர் எல்லாரும் இவர் பரம்பரைதானே?

ஆளுக்கு ஆள் வித்தியாசம். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் வீட்டுச் சுவரில் பிரனேசி படம் மாட்டியிருந்தது, அவர் கதைகளில் வட்ட இடிபாடுகளும் முடிவில்லாத அறைகளும் வரும், உறவு கொண்டாடலாம். காஃப்காவை நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், முடிவில்லாத நடைபாதையைப் பார்த்ததும் ஞாபகம் வருவது நம் தலைக்குள் நடப்பது. வால்போல் கேள்வியில் செய்த அதே எச்சரிக்கை இங்கேயும்: ஒத்துப்போவது வேறு, பார்த்து எழுதுவது வேறு.

டச்சு ஓவியர் எஷர் ரோமில் வாழ்ந்தவர், பிரனேசியை ரசித்தவர். ஆனால் எஷரின் படிக்கட்டு விடுகதை மாதிரி, தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். பிரனேசியில் தப்பு இருட்டில் ஒளிந்திருக்கும். 14-வது தகட்டில் கூர்வளைவுகளுக்கு நடுவே போகும் படிக்கட்டைப் பின்தொடருங்கள், முன்வரிசைத் தூணும் பின்வரிசைத் தூணும் இடம் மாறிவிடும், எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைக்க முடியாது.

இடிந்துபோனதை ரசிப்பதில் என்ன இருக்கிறது? நன்றாக இருப்பதையே வரையலாமே?

நன்றாக இருப்பதையும் இடித்து வரைந்தவர்கள் உண்டு. பிரனேசி காலத்தில் ரோமில் இருந்த பிரெஞ்சு ஓவியர் ஹூபர் ரொபேர், 1796-ல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் நீளக் கூடத்தைக் கூரை இடிந்து, செடி முளைத்த நிலையில் வரைந்தார், கூடம் அப்போது நன்றாகத்தான் இருந்தது. 1830-ல் இங்கிலாந்து வங்கிக் கட்டடத்தையும் கேண்டி என்ற ஓவியர் இப்படி இடிபாடாகக் காட்டினார். அந்தக் கட்டடத்தை எழுப்பிய சர் ஜான் சோனுக்கே வரைந்து கொடுத்தது! உலகம் அழிந்தபிறகு காலி நகரத்தில் ஒருவன் நடக்கிற கதைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் படங்கள் பெரியப்பா முறை.

நம் ஊர் இடிபாடுகளை யாரும் இப்படிச் செதுக்கவில்லையா?

செதுக்கினார்கள். ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் இருவரும் 1792-93-ல் தெற்கே சுற்றினார்கள். 1795-லிருந்து 1808 வரை லண்டனில் வெளியிட்ட 144 படங்களில் மாமல்லபுரமும் மதுரை நாயக்கர் அரண்மனையும் உண்டு. அது அக்வாடின்ட், எச்சிங்கின் தம்பி, கோட்டுக்குப் பதில் வண்ணக் கழுவல் மாதிரி சாயல் வரும். பார்க்க அமைதியாக இருக்கும், வெயில் அடிக்கும், பிரனேசியின் மிரட்டல் கிடையாது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது? காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் போன்ற பெரிய அருங்காட்சியகங்கள் நல்ல தரத்தில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. அசல் செப்புத் தகடுகள் இன்னும் ரோமில் அரசுக் காப்பகத்தில் இருக்கின்றன.

7-வது தகட்டில் தொடங்குங்கள், தூக்குப்பாலம் என்று சொல்வார்கள். ஒரு பருத்த கோபுரத்தைச் சுற்றிச் சுருள்படி ஏறும். முதல் பதிப்பு ஒன்று, 1761 பதிப்பு ஒன்று, இரண்டையும் ஏ3 தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பென்சிலால் ஒரு ஆளைப் பிடித்து, அவன் கீழேயிருந்து மேலே போக முடியுமா என்று கோடு போட்டுப் பாருங்கள். நான் மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் ஒரு உத்தரத்துக்குப் பின்னால் போய் வெளியே வரவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜெராக்ஸ் கடையில் இரண்டாம் பதிப்பைக் கொடுத்ததும், "சார், ரொம்ப டார்க்கா இருக்கு, லைட் பண்ணிப் போடட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.